ஆறு மாதம் இணையம் இல்லாத இடத்துக்குப் போகிறேன், மோட்களை முழுசாக எடுத்து வைப்பது எப்படி?

கடலோடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் 20ஆம் தேதி கப்பல் ஏறுகிறேன், ஆறு மாத ஒப்பந்தம். கேபினில் வைஃபை இருக்கிறது, ஆனால் ஆளுக்கு மாதம் 2 ஜிபிதான். வீட்டுக்கு நாலு தடவை வீடியோ கால் போட்டால் தீர்ந்துவிடும், அதனால் கேம் சம்பந்தமாக ஒரு எம்பிகூட இறக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை நடந்ததைச் சொல்கிறேன். ரிம்வேர்ல்டில் 140 மோட்களோடு (ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் கூடுதல் கோப்புகள்) வீட்டிலேயே மூன்று மாதம் ஆடி வளர்த்த ஒரு காலனியைக் கப்பலுக்குக் கொண்டுபோனேன். ஒருநாள் துறைமுகத்தில் நின்றபோது லேப்டாப்பை வைஃபையில் விட்டுவிட்டு இன்ஜின் ரூம் வாட்சுக்கு இறங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மோட் அப்டேட்கள் இறங்க ஆரம்பித்து, பாதியில் டேட்டா தீர்ந்து, நாலைந்து மோட்கள் அரைகுறையாக நிற்கின்றன. அதற்குப் பிறகு அந்த சேவ் திறக்கவே இல்லை. மரக்காலோடு நொண்டி நொண்டி மொத்தக் காலனிக்கும் சமைத்துப் போட்ட ஒரு கிழவி அதில் இருந்தாள், அவளை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதாகிவிட்டது. மீதி ஐந்து மாதம் வேலை முடிந்து கேபினுக்கு வந்தால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. ரிம்வேர்ல்ட், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், ஸ்டார்டியூ வேலி மூன்றையும் கொண்டுபோகிறேன். மூன்றிலும் மோட் உண்டு. 1 டிபி வெளி எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. எதை எங்கிருந்து காப்பி எடுக்க வேண்டும், எது விட்டுப்போனால் மாட்டிக்கொள்வேன், இதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையில் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

---

பழையவட்டு எழுதியது:

தம்பி, ரிம்வேர்ல்டை நான் சொல்கிறேன், அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். ஸ்டீம் என்ற கேம் கடையின் மோட் பகுதியான ஒர்க்ஷாப்பில் சப்ஸ்கிரைப் பண்ணி வைத்திருப்பதை மோட் நம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அது ஆசிரியரின் பக்கத்துக்கும் நம் கணினிக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டி வைத்த மாதிரிதான். அவர் புதுப் பதிப்பு போட்டால் நம்மிடம் இருக்கும் பழையது அழிந்து புதியது வந்து உட்காரும், பழைய பதிப்புதான் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. அவர் பக்கத்தை எடுத்துவிட்டால் நம் வட்டில் இருப்பதும் போய்விடலாம். எனக்கு அப்படி ஒரு மோட் போயிருக்கிறது, இரண்டு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. அதனால் முதல் வேலை அந்தக் கயிற்றை அறுப்பதுதான்.

ஸ்டீம் இருக்கும் வட்டில் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் ஒர்க்ஷாப், அதற்குள் கன்டென்ட், அதற்குள் 294100 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த எண்தான் ரிம்வேர்ல்ட். உள்ளே போனால் வெறும் எண்களாகத்தான் தெரியும், 2009463077 என்று இருந்தால் அது ஹார்மனி, பல மோட்களுக்கு அடித்தளம். எது எந்த மோட் என்று குழம்ப வேண்டாம், ஒவ்வொன்றுக்குள்ளும் அபௌட் என்ற ஃபோல்டரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும், நோட்பேடில் திறந்தால் பெயர், எந்தெந்த ரிம்வேர்ல்ட் பதிப்புக்கு ஓடும், வேறு எந்த மோட் தேவை எல்லாம் எழுதியிருக்கும். இந்த எண் ஃபோல்டர்கள் அத்தனையையும் கேம் நிறுவிய இடத்தில் இருக்கும் மோட்ஸ் ஃபோல்டருக்குள் அப்படியே காப்பி பண்ணிவிடு. எண்ணைப் பெயராக மாற்றினாலும் பரவாயில்லை, கேம் உள்ளே இருக்கும் அடையாளத்தைத்தான் படிக்கும். நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிடுவேன், ஒரு சாயங்கால வேலை, ஆனால் பிறகு தேடும்போது அதன் அருமை தெரியும்.

காப்பி முழுசாக முடிந்த பிறகுதான் அன்சப்ஸ்கிரைப் பண்ண வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் போச்சு, ஏனென்றால் அன்சப்ஸ்கிரைப் பண்ணியவுடன் ஸ்டீம் அந்த ஃபோல்டர்களைச் சுத்தமாகத் துடைத்துவிடும். இரண்டையும் வைத்திருந்தாலும் கேம் ஓடும், ஒர்க்ஷாப்பில் இருப்பதன் அடையாளத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டீம் வாலை ஒட்டிப் பிரித்துக் காட்டும். ஆனால் உன் நிலைமையில் எந்த மோடும் தானாக அப்டேட் தேடக் கூடாது. அதனால் அறுத்துவிடுவதே நல்லது. இன்னொரு லாபமும் இருக்கிறது. ரிம்வேர்ல்டுக்கு ஸ்டீம் ஓட வேண்டிய அவசியமே இல்லை, கேம் கோப்பை நேராகவே திறக்கலாம். ஆனால் அப்படித் திறந்தால் ஒர்க்ஷாப் மோட்கள் பட்டியலில் வராது, மோட்ஸ் ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் வரும்.

அப்புறம் பலரும் மறக்கிற ஒன்று. மோட்களின் வரிசையும் ஒவ்வொரு மோடிலும் நீ மாற்றி வைத்த அமைப்புகளும் சேவும் இந்த இடத்திலேயே இருக்காது. விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ என்று ஒரு மறைந்த ஃபோல்டர், அதற்குள் லுடியான் ஸ்டுடியோஸ். தேடிக் கஷ்டப்பட வேண்டாம், கேமில் ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே சேவ் ஃபோல்டரைத் திறக்கிற பொத்தான் இருக்கிறது. அங்கே கான்ஃபிக், சேவ்ஸ் இரண்டையும் எடு. மோட்ஸ்கான்ஃபிக் என்ற கோப்பில்தான் உன் 140 மோட்களும் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்பது இருக்கிறது, அது இல்லாமல் கப்பலில் உட்கார்ந்து கையால் அடுக்கினால் ஒரு வாரம் போகும்.

போன காலனியின் சேவ் கோப்பு இன்னும் இருக்கிறதா? இருந்தால் நோட்பேடில் திறந்து பார். ரிம்வேர்ல்ட் சேவ் சாதாரண எக்ஸ்எம்எல்தான், முதல் சில வரிகளிலேயே எந்தக் கேம் பதிப்பு, என்னென்ன மோட்கள், அவற்றின் ஒர்க்ஷாப் எண்கள் என்ன என்று எழுதி வைத்திருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கலாம். கேமின் பழைய பதிப்புகளும் ஸ்டீமில் அந்தக் கேமின் பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதியில் கிடைக்கும். கிழவி திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது, முயற்சி பண்ணு.

---

மலைப்பாதை எழுதியது:

ஸ்கைரிமுக்கு நான் வருகிறேன். இதில் மோட்களைவிட முதலில் கேமைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். நிறைய மோட்கள் எஸ்கேஎஸ்இ என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரை (மோட்கள் கூடுதல் வேலை செய்ய வழி தரும் நிரல்) நம்பி ஓடுகின்றன, அது கேமின் எக்ஸிகியூட்டபிள் (கேமை இயக்கும் முதன்மைக் கோப்பு) எந்தப் பதிப்போ அதற்கே தைத்த சட்டை மாதிரி. கேமின் 1.5.97 பதிப்புக்கு எஸ்கேஎஸ்இ 2.0.20தான் பொருந்தும், 1.6.1170க்கு 2.2.6. கேம் ஒரு படி நகர்ந்தால் சட்டை பொருந்தாது, சொந்தமாக டிஎல்எல் என்ற நிரல் கோப்பு வைத்திருக்கிற மோட்களும் அதோடு படுத்துவிடும். 2023 டிசம்பரில் ஸ்கைரிமுக்கு அப்டேட் வந்தபோது இதுதான் நடந்தது. ஃபால்அவுட் 4க்கு 2024 ஏப்ரல் 25இல் வந்த அப்டேட்டும் அப்படித்தான், அதனாலேயே ஃபால்அவுட் லண்டன் என்ற பெரிய மோட் தள்ளிப்போய் ஜூலை 25இல் வெளிவந்தது, அப்போதும் கேமைப் பழைய பதிப்புக்கு இறக்கித்தான் ஆட வேண்டியிருந்தது.

ஆகவே இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஸ்கைரிம் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுத்துவிடுங்கள். மோட்களை நிர்வகிக்க மோட் ஆர்கனைசர் 2 பயன்படுத்தினால் (வோர்டெக்ஸ் என்ற இன்னொரு நிரல் என்றால் சொல்லுங்கள், அது வேறு கதை) மோட்கள் கேம் ஃபோல்டரைத் தொடாமல் தனியே இருக்கும். அதன் ஃபோல்டரில் டவுன்லோட்ஸ், மோட்ஸ், ப்ரொஃபைல்ஸ், ஓவர்ரைட் என்று நான்கு இருக்கும். பலர் மோட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ப்ரொஃபைல்ஸில்தான் எது மேலே எது கீழே என்கிற வரிசை இருக்கிறது, டவுன்லோட்ஸில் நீங்கள் இறக்கிய மூலக் கோப்பு இருக்கிறது. கடலில் ஒரு மோட் கெட்டுப்போனால், அல்லது நிறுவும்போது வேறு தேர்வைச் செய்திருக்கலாமே என்று தோன்றினால், அந்த மூலக் கோப்பு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. அதன் பக்கத்திலேயே அதே பெயரில் மெட்டா என்ற வாலோடு குட்டிக் கோப்பு ஒன்று கிடக்கும், குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இது எந்த மோட், எந்தப் பதிப்பு என்பது அதில்தான் இருக்கிறது.

கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டாம். நெக்ஸஸ் என்ற மோட் தளத்தில் இறக்கிய கோப்பின் பெயரிலேயே மோடின் எண் இருக்கும், ஸ்கையூஐ என்ற மோட் என்றால் நடுவில் 12604 என்று வரும். நாளைக்கு அந்தப் பக்கத்தைத் தேட அந்த எண் ஒன்றே போதும்.

எஸ்கேஎஸ்இயின் லோடரும் டிஎல்எல்லும் கேம் ஃபோல்டரிலேயே நேராகக் கிடக்கும், மோட் ஆர்கனைசர் அதைக் கணக்கில் வைக்காது, கேம் ஃபோல்டரை முழுசாக எடுத்தால் கூடவே வந்துவிடும். சேவ் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்புகள் இருப்பதைக் கவனியுங்கள், ஒன்று கேமின் சேவ், இன்னொன்று எஸ்கேஎஸ்இ தன் பங்குக்கு எழுதியது. இரண்டாவதை விட்டுவிட்டால் சேவ் திறக்கும், ஆனால் சில மோட்கள் நினைவிழந்தவர் மாதிரி ஆரம்பத்திலிருந்து தொடங்கும்.

ஸ்கைரிமுக்கு ஸ்டீம் ஓட வேண்டும், ஆஃப்லைனில் ஓடினால் போதும். கிளம்புவதற்கு முன்பு கேமை ஒருமுறை ஆன்லைனில் திறந்து மூடிவிட்டு ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றுங்கள். அப்டேட் ஒன்று பாதியில் காத்துக்கொண்டிருந்தால் ஆஃப்லைனில் கேம் திறக்காமல் அடம்பிடிக்கும், அதனால் டவுன்லோட் பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

---

கடலோடி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பழையவட்டு அண்ணா, அந்த சேவ் இருக்கிறது, இப்போதுதான் நோட்பேடில் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே மோட் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மலைப்பாதை, நான் மோட் ஆர்கனைசர்தான்.

ஒரு சந்தேகம். ரிம்வேர்ல்ட் மோட்களை எஸ்எஸ்டிக்குக் காப்பி போட்டேன், மொத்தம் 11 ஜிபிதான், ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் முடியவில்லை. 11 ஜிபி படம் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்தில் போய்விடுகிறதே, எஸ்எஸ்டியில் ஏதாவது கோளாறா?

---

பழையவட்டு எழுதியது:

கோளாறு இல்லை தம்பி. ரிம்வேர்ல்ட் மோட் என்பது சின்னச் சின்னப் படங்களும் எக்ஸ்எம்எல்லும், 140 மோட் என்றால் பல ஆயிரம் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் வட்டு தனியாகப் பதிவு போட்டுக்கொண்டிருக்கும். கணினியிலேயே 7-ஜிப் வைத்து ஒரே கோப்பாகக் கட்டிவிட்டு அந்த ஒன்றைக் காப்பி பண்ணு, சீக்கிரம் போய்விடும். கட்டிய பிறகு 7-ஜிப்பிலேயே டெஸ்ட் என்று ஒரு பொத்தான் உண்டு, எஸ்எஸ்டிக்குப் போன கோப்பின் மேல் அதை ஒருமுறை அழுத்து. உள்ளே எதுவும் சிதையவில்லை என்று அது சொன்ன பிறகுதான் மற்ற வேலை.

வட்டு எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்றும் பார். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள். இன்ஜின் அதிர்வு இருக்கிற இடம், நீ சுழலும் வட்டு வாங்காமல் எஸ்எஸ்டி வாங்கியது நல்லது. ஆனாலும் ஒன்றை மட்டும் நம்பாதே. சேவ்களையும் கான்ஃபிக்கையும் ஒரு சாதாரண பென் டிரைவிலும் போட்டு வேறு பையில் வை, அவை சில நூறு எம்பிக்கு மேல் வராது.

---

தோட்டக்காரி எழுதியது:

ஸ்டார்டியூ வேலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் அதற்குச் சின்னச் சின்ன மோட்கள் செய்கிறவள். மூன்றில் இதுதான் சுலபம். கேம் ஃபோல்டருக்குள் மோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதை முழுசாக எடுத்தால் மோட்களும் அவற்றின் அமைப்புகளும் சேர்ந்தே வந்துவிடும். சேவ் மட்டும் ஆப்டேட்டாவில் ஸ்டார்டியூவேலி ஃபோல்டரில். இந்தக் கேமில் மோட்களை ஏற்றி ஓட்டும் ஸ்மாப்பி என்ற நிரலின் நிறுவல் கோப்பையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 19இல் கேமின் 1.6 பதிப்பு வந்தபோது ஸ்மாப்பி 4 வந்தது, 1.5.6இல் ஓடிய பல மோட்கள் அன்றைக்கு நின்றுபோயின, அதனால் கேம், ஸ்மாப்பி, மோட் மூன்றும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். இணையம் இல்லாமல் திறந்தால் அப்டேட் தேட முடியவில்லை என்று ஸ்மாப்பி ஒரு வரி சொல்லும், பயப்பட வேண்டாம், கேம் ஓடும்.

ஒரு விஷயத்தைச் செய்தே ஆக வேண்டும். எல்லா மோட்களையும் போட்ட பிறகு ஒருமுறை கேமைத் திறந்து அந்தக் கருப்புத் திரையில் வரும் சிவப்பு வரிகளைப் படியுங்கள். இந்த மோட் ஓட இன்னொரு மோட் தேவை, அது இல்லை என்று பெயரோடு சொல்லும். பல மோட்கள் நம்பியிருக்கும் கன்டென்ட் பேட்சர் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மேலும், பல மோட்கள் தங்கள் கான்ஃபிக் கோப்பை முதல் தடவை ஓடும்போதுதான் உருவாக்குகின்றன, கரையில் இருக்கும்போதே அதைத் திறந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று மாற்றி வைத்துவிடலாம். சந்தேகமான மோட் இருந்தால் அழிக்க வேண்டாம், ஃபோல்டர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், ஸ்மாப்பி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

மோட் செய்கிறவளாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்காக எடுத்து வைப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம், என் மோடை யாரோ ஒருவர் நடுக்கடலில் ஆடுகிறார் என்றால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். ஆனால் கப்பலில் நண்பர்கள் கேட்டு, அவர்களில் ஒருவர் அதை அப்படியே வேறு தளத்தில் ஏற்றிவிட்டால் எங்களுக்குக் கஷ்டம். நான் பிழை திருத்திப் புதிது போட்ட பிறகும் அந்தப் பழைய நகலை இறக்கியவர்கள் பிழை என்று என்னிடம்தான் வருவார்கள். எனவே மோடின் பக்கத்தையும் அதில் இருக்கும் அனுமதிக் குறிப்பையும் உலாவியில் முழுப் பக்கமாகச் சேமித்து அந்த மோட் கோப்போடு சேர்த்தே போட்டு வையுங்கள். நிறுவும் முறை, எதோடு மோதும், எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதை எல்லாம் நாங்கள் அந்தப் பக்கத்தில்தான் எழுதுகிறோம், ஜிப்புக்குள் பெரும்பாலும் இருக்காது. கடலில் உங்களுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

---

கட்டைவிரல் எழுதியது:

இதை மைன்கிராஃப்ட் ஆடுகிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மோட்பேக்கை (பல மோட்களைச் சேர்த்த தொகுப்பு) எக்ஸ்போர்ட் பண்ணி வைத்துவிட்டேன், பேக்கப் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாட்ரின்த் என்ற மோட் தளத்தின் பேக் கோப்பைத் திறந்து பாருங்கள், மோட்கள் பெரும்பாலும் இருக்காது, அவற்றை எங்கிருந்து இறக்க வேண்டும் என்கிற முகவரிகள்தான் இருக்கும். கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் பேக்கிலும் மோட்களின் எண்கள்தான். இம்போர்ட் பண்ணும்போதுதான் மோட்களின் ஜார் கோப்புகள் இறங்கும், அந்த நேரத்தில் இணையம் இல்லையென்றால் கையில் இருப்பது சாமான் பட்டியல், மளிகை கடையில்தான் இருக்கிறது. நெக்ஸஸின் கலெக்ஷன்களும் வாபாஜாக் என்ற கருவியின் மோட் பட்டியல்களும் இதே வகை.

மைன்கிராஃப்டைத் திறக்க ப்ரிசம் லாஞ்சர் பயன்படுத்தினால் இன்ஸ்டன்ஸ் ஃபோல்டர் மட்டும் போதாது, கேமின் ஒலிகளும் நூலகக் கோப்புகளும் அசெட்ஸ், லைப்ரரீஸ் என்று வெளியே தனியாக இருக்கும், அதனால் ப்ரிசமின் ஃபோல்டரை மொத்தமாக எடுக்க வேண்டும், ஜாவாவையும் சேர்த்து.

அவசரத்தில் கண்ட இடத்திலும் இறக்காதீர்கள். 2023 ஜூனில் பெயர் பெற்ற தளங்களிலேயே சில மைன்கிராஃப்ட் மோட்களில் தீம்பொருளைச் செருகியிருந்தார்கள், ஃப்ராக்சரைசர் என்று அதற்குப் பெயர். பேக்கப்பில் அப்படி ஒன்று நுழைந்தால் ஆறு மாதம் உங்களோடு பயணம் செய்யும். எல்லாம் எடுத்து முடித்த பிறகு, ஆன்டிவைரஸை அன்றைய நிலைக்கு அப்டேட் செய்து மொத்த எஸ்எஸ்டியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

மேலே சொன்னது எல்லாவற்றையும் செய்த பிறகு ஒரு ஒத்திகை போடுங்கள் கடலோடி. வீட்டு ரவுட்டரின் வயரைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், கணினியை அணைத்துத் திரும்ப ஆன் செய்து மூன்று கேமையும் அரை மணி நேரமாவது ஆடுங்கள். மெனு வரை வந்தது என்று நிறுத்திவிடக் கூடாது, சேவைத் திறந்து, ஆடி, புதிதாக ஒரு சேவ் போட்டு, அதையும் திறந்து பார்க்க வேண்டும். பேக்கப்பையும் அதேபோலச் சோதியுங்கள், எஸ்எஸ்டியிலிருந்து வேறொரு ஃபோல்டருக்கு எடுத்து அங்கிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே செய்தால், விட்டுப்போனதை இறக்க நேரம் இருக்கும்.

---

கடலோடி எழுதியது:

நேற்று இரவு ஒத்திகை போட்டேன். ஸ்டார்டியூவில் இரண்டு சிவப்பு வரிகள் வந்தன, தோட்டக்காரி சொன்னபடி அதில் இருந்த இரண்டு மோட்களையும் காலையில் இறக்கிப் போட்டாயிற்று. ஸ்கைரிமில் எஸ்கேஎஸ்இ சேவ்களை எடுக்கவில்லை என்பது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது, இப்போது எடுத்துவிட்டேன்.

ரிம்வேர்ல்டில் பழைய சேவில் இருந்த 140இல் 137 கிடைத்தன, கேமையும் பீட்டாஸில் போய் அந்தப் பதிப்புக்கே மாற்றினேன். மீதி மூன்றின் பக்கங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. அவை இல்லாமலே திறந்தேன், எச்சரிக்கை காட்டியது, சரி என்று கொடுத்தேன், ஏகப்பட்ட சிவப்பு வரிகளோடு திறந்துவிட்டது. வடக்குச் சுவர் ஓரமாக இருந்த அலமாரிகள் காணவில்லை, இரண்டு பேரின் உடுப்பும் காணவில்லை. சமையல்காரி அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த சேவை உடனே மூன்று இடத்தில் காப்பி போட்டுவிட்டேன். 20ஆம் தேதி விடிகாலை ரயில், அதற்கு முன்பு அலமாரிகளைக் கட்டிவிட வேண்டும், சாப்பாடெல்லாம் தரையில் கிடக்கிறது.